கயிற்றின் மறுமுனை

புதுவையின் பாகூர்க் கொம்யூனில், ஒரு வரப்பின் இப்புறம் புதுவையாகவும் அப்புறம் தமிழ்நாடாகவும் எல்லை பின்னிக் கிடக்கும் பிரதேசத்தில் இருக்கிறது எங்கள் கரையாம்புத்தூர். கடலின் இரைச்சல் எங்கள் ஊருக்குக் கேட்பதில்லை. தென்பெண்ணையின் மணற்பரப்பும், சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரியை நோக்கிச் செல்லும் ஜலமும், கழனிகளின் நடுவே ஆழ்ந்து கிடக்கும் கிணறுகளுமே நாங்கள் அறிந்த நீர்நிலைகள். அப்படிப்பட்ட ஊரிலே பிறந்தவன், உப்பங்கழியில் ஓடும் விசைப்படகின் அடியிலே சுழலும் புரொப்பல்லரைப் பற்றி எழுத முன்வருவதற்கு என்ன நியாயம் என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த நியாயத்தை எனக்கு அளித்தது எங்கள் ஊர்க் கிணற்றடியேதான்.

என் தாய்மாமன் ஆயில் இஞ்சின் பழுது பார்ப்பதில் சுற்று வட்டாரமெங்கும் பெயர் பெற்றவர். நெற்பயிருக்கு ஜலம் வேண்டிய சமயத்தில் இஞ்சின் நின்றுபோனால், கரையாம்புத்தூரிலிருந்தும் மணமேட்டிலிருந்தும் கடுவனூரிலிருந்தும் சைக்கிளில் ஆள் வரும். அவர் புறப்படும்போது சாவிப்பையைத் தூக்கிக்கொண்டு நானும் உடன் செல்வேன். ஒரு கிணற்றடியில், புதிதாக வாங்கிய இஞ்சின் கரும்புகை கக்கித் திணறிக்கொண்டிருந்ததும், கழனிக்குச் சொந்தக்காரர் இஞ்சினே பழுதென்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததும், என் மாமன் இஞ்சினை ஏறெடுத்தும் பாராமல் பம்பின் பக்கம் சென்று அதிலிருந்த சிறிய புல்லியைக் கழற்றிவிட்டுச் சற்றுப் பெரிய புல்லியைப் பூட்டியதும், உடனே புகை வெளுத்து, சத்தம் சீராகி, குழாய் நிறைய நீர் கொட்டியதும் என் நினைவில் அழியாமல் இருக்கின்றன. “இஞ்சின் தன் சுற்ற எட்டணும்டா, எட்டினாத்தான் அதுக்குள்ள இருக்கிற பலம் வெளியில வரும். எட்ட விடாம சுமைய ஏத்திட்டு இஞ்சினத் திட்டினா என்ன பிரயோசனம்?” என்றார் அவர். யந்திர சாஸ்திரத்தில் நான் பின்னர்க் கற்றவை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்திற்கு விரிவுரை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தொழிற்படிப்பை முடித்தபின் நான் அரியாங்குப்பத்துப் பக்கம் ஒரு பட்டறையில் அவுட்போர்டு இஞ்சின்களோடு பழகத் தொடங்கினேன். சங்கராபரணியின் கிளையான சுண்ணாம்பாறு நோணாங்குப்பத்தை அடுத்துக் கடலோடு கலக்கும் அந்தப் பகுதி, புதுவைக்கு வருகிறவர்கள் தவறாமல் நாடும் இடம். கடலூர்ச் சாலையை ஒட்டிய படகுத் துறையிலிருந்து மக்களை ஏற்றிக்கொண்டு, உப்பங்கழியின் வழியே முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள மணற்கரைக்குப் படகுகள் போய்வந்தவண்ணம் இருக்கும். என் சிநேகிதர் ஒருவர் அந்தச் சுற்றுப்புறத்திலே ஒரு பைபர் படகை வைத்துக்கொண்டு, காற்றடைத்த வாழைப்பழப் படகையும் வட்ட டியூபையும் கயிற்றில் கட்டி இழுத்து விடுமுறைக்கு வருகிறவர்களை மகிழ்விக்கும் தொழிலை நடத்தி வந்தார். அவருடைய படகில் 115 குதிரைசக்தியுள்ள இஞ்சின் பூட்டியிருந்தது. தனியே ஓட்டினால் அந்தப் படகு பறக்கும். பின்னால் கயிற்றைக் கட்டி ஆறு பேரை ஏற்றிவிட்டாலோ, அதன் சுபாவமே மாறிவிடும்.

அந்தக் காட்சியை அருகிலிருந்து பார்த்தவன் நான். படகோட்டி திராட்டிலை முழுவதும் முன்னே தள்ளுவான். இஞ்சின் அடிவயிற்றிலிருந்து முனகும். படகின் பின்புறம் நீருக்குள் அமிழ, அணியம் வானத்தை நோக்கி எழுந்து நிற்கும். முன்னே யார் நீந்துகிறார்கள், எந்தப் படகு குறுக்கே வருகிறது என்பது ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரியாமற்போகும். பின்னால் நுரை பொங்குமேயன்றிப் படகு மேலெழுந்து நீர்ப்பரப்பின்மீது வழுக்கி ஓடும் நிலைக்கு வராது. பத்து விநாடிக்குக் குறையாத நேரம் இப்படித் திணறிய பின்னரே அணியம் தாழ்ந்து ஓட்டம் சீர்ப்படும். டியூபில் இருப்பவர்களுக்கு இது ஆயாசம் மாத்திரமே. காலில் பலகை கட்டி நீர்மேல் நிற்கப் பழகுகிறவனுக்கோ இது பெருந்துன்பம். என் அக்காள் மகன், கரையாம்புத்தூர்க் கிணற்றிலே தலைகீழாகப் பாய்ந்து நீச்சல் பழகியவன், அந்தப் படகின் பின்னே பலகைகளோடு எழுந்து நிற்க முயன்றபோது, எழுப்பப்படாமலே நீருக்குள் இழுத்துச் செல்லப்பட்டு, முகத்தில் மோதும் ஜலத்தினால் மூச்சு முட்டி, தோள் சோர்ந்து, ஒவ்வொரு முறையும் கயிற்றை விட்டுவிடுவதைக் கரையிலிருந்து பார்த்தேன். பெரிய இஞ்சினாக வாங்கிவிட வேண்டியதுதான் என்று சிநேகிதர் கடன் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்.

அதைத் தடுத்தவர் நல்லவாட்டைச் சேர்ந்த ஒரு முதியவர். கட்டுமரத்தில் துடுப்புப் போட்டு வளர்ந்து, கட்டுமரங்களுக்கு இஞ்சின் வந்த காலத்தில் அதைப் பழகிக்கொண்டு, பின்னர்ப் பைபர் படகுகளுக்கெல்லாம் வைத்தியராக விளங்கியவர் அவர். கரையில் நின்றபடி இஞ்சினின் முனகலைச் சற்று நேரம் கேட்டுவிட்டு, “இஞ்சின் போதும் தம்பி. காத்தாடிதான் முறுக்கு ஜாஸ்தி. வெறும் படகு ஓட்டுறவனுக்கு இது சரி. வலையும் ஐஸும் ஏத்திக்கிட்டு அலைய உடைச்சிக்கிட்டுப் போறவனுக்கு இது ஆவாது. நீங்க வலைக்குப் பதிலா ஆளக் கட்டி இழுக்கிறீங்க, அவ்வளவுதானே?” என்றார். எங்கள் மாமன் கிணற்றடியில் சொன்னதையே இவர் கடற்கரையில் சொல்லுகிறார் என்பது எனக்கு அக்கணமே விளங்கிற்று.

காத்தாடி என்று அவர் சொன்ன புரொப்பல்லரைக் கழற்றும் வேலை என்னிடம் வந்தது. சாவியை எடுத்துவிட்டு, பாட்டரி இணைப்பையும் நீக்கிய பிறகே அதில் கை வைக்க வேண்டுமென்பது எங்கள் பட்டறையின் விதி. இஞ்சினைச் சாய்த்து உயர்த்தி, இலைக்கும் அதன் மேலுள்ள தட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைச் செருகிச் சுழலாதபடி நிறுத்தி, நட்டுக்குக் காவலாக நின்ற பின்னைக் குறட்டால் நிமிர்த்தி உருவி, நட்டைத் தளர்த்தினேன். புரொப்பல்லர் கையோடு வந்ததும் தண்டின் அடியில் ஒரு கரிய வளையம் தெரிந்தது. நகத்தால் கீறிப் பார்த்தால், எங்கோ அறுந்து மிதந்த நைலான் வலைநூல் சுற்றிச் சுற்றி இறுகி, உராய்வுச் சூட்டில் உருகிக் கெட்டிப்பட்டிருந்தது. அது இன்னும் சில நாள் கிடந்திருந்தால் எண்ணெயைக் காக்கும் ஸீலை அறுத்துவிட்டு, உப்புநீரைக் கியர்பெட்டிக்குள் அனுப்பியிருக்கும். இலைகளின் முன்விளிம்பு, முகத்துவாரத்து மணலில் தேய்ந்து, பெயிண்ட் போய், வெள்ளி போல் மின்னிற்று. நடுக்குழலின் மேல் 13 என்றும் 19 என்றும் இரண்டு எண்கள் பொறித்திருந்தன. பழுதுபார்க்கிறவன் முதலில் படிக்கவேண்டியவை அந்த இரண்டு எண்களே.

முன்னது விட்டம்: சுழலும்போது இலைகளின் நுனி வரையும் வட்டத்தின் குறுக்களவு, அங்குலக் கணக்கில். பின்னது பிட்ச், முதியவர் சொன்ன முறுக்கு: நீர் வழுகாத திடப்பொருளாக இருந்தால் ஒரு முழுச்சுற்றில் புரொப்பல்லர் எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதன் அளவு. பத்தொன்பது அங்குலப் பிட்ச் உள்ளது ஒரு சுற்றில் ஏறத்தாழ நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் முன்னேற விழைகிறது. அந்தப் படகின் கியர்பெட்டி இஞ்சினின் சுழற்சியை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து அனுப்புகிறது. ஆகவே இஞ்சின் நிமிஷத்துக்கு 5,300 சுற்றுச் சுழன்றால் புரொப்பல்லர் 2,650 சுற்றுச் சுழலும். காகிதக் கணக்குப்படி படகு மணிக்கு எழுபத்தாறு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். நீர் வழுகும் பொருளாதலால் அதில் ஒரு பங்கு நஷ்டமாகும். நன்றாக அமைந்த சிறு படகுகளில் இந்த வழுகல் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது வரை இருப்பது சகஜம். எங்கள் படகு தனியே ஓடியபோது அறுபத்தைந்து கிலோமீட்டரை எட்டியதற்குக் கணக்கு இதுவே.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் படகுக்கு உரியது. நின்றிருக்கும் படகு புறப்படும் கணத்தில் புரொப்பல்லர் சுழல்கிறது, படகு நகரவில்லை. வழுகல் அப்போது நூற்றுக்கு நூறு. பிட்ச் மிகுந்த இலை அந்த நிலையில் நீரை மிகச் செங்குத்தான கோணத்தில் தாக்குவதால், தள்ளுவதைவிடக் கலக்குவதே அதிகமாகிறது. அதைச் சுழற்றவே இஞ்சின் தன் முழு முயற்சியையும் செலவிட்டு, தனக்குப் பலம் மிகுந்த சுழற்சியை எட்ட முடியாமல் கீழேயே தங்கிவிடுகிறது. எங்கள் இஞ்சினைச் செய்தவர்கள், திராட்டிலை முழுவதும் திறந்தால் 5,000 முதல் 6,000 சுற்றுக்குள் அது ஓடவேண்டுமென்று கைந்நூலில் குறித்திருந்தார்கள். ஆறு பேரை இழுக்கும்போது டேக்கோமீட்டர் முள் 4,500-ஐத் தாண்டவில்லை. பாரத்தோடு எந்தச் சுழற்சியை எட்டுகிறது என்று பாராமல் இஞ்சினின் குதிரைசக்தியைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சு. அத்துடன், இப்படி நெடுநேரம் அமுக்கப்பட்டு ஓடும் இஞ்சின் சூடேறிக் கரி படிந்து ஆயுள் குறைந்துபோகும் என்பதையும் உரிமையாளர்கள் உணர வேண்டும்.

புரொப்பல்லரின் பூர்வ கதையைப் பின்னால் படித்தபோது எனக்கு உண்டான ஆனந்தம் கொஞ்சமல்ல. ஏனெனில், அதை உலகத்துக்குத் தந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் ஒரு விவசாயி. லண்டனை அடுத்த ஹெண்டனில் தம் பண்ணைக் குளத்திலே ஒரு சிறு மாதிரிப் படகை ஓடவிட்டு அவர் பரீட்சை செய்து, 1836-இல் உரிமைப் பட்டயம் பெற்றார். மறு வருஷம் பாடிங்டன் கால்வாயில் அவர் ஓட்டிய படகின் புரொப்பல்லரான மரத்திருகு எதன்மேலோ மோதிப் பாதி முறிந்துபோயிற்று. நின்றுவிடும் என்று எண்ணிய படகு முன்னைவிட விரைவாக ஓடத் தொடங்கிற்று. இலை எவ்வளவுக்கு எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அவ்வளவு நல்லது என்ற அநுமானம் அன்று பிரத்தியட்சத்தின் முன் தோற்றது. 1845-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் பிரிட்டிஷ் கடற்படையார், திருகு பூட்டிய ராட்லர் கப்பலையும் பக்கச் சக்கரங்கள் பூட்டிய அலெக்டோ கப்பலையும் பின்னோடு பின்னாகக் கட்டி ஒன்றையொன்று இழுக்கவிட்டபோது, ராட்லர் தன் எதிரியை மணிக்கு இரண்டு கடல்மைலுக்கும் மேலான வேகத்தில் பின்னோக்கி இழுத்துச் சென்றது. ராட்லரின் யந்திரம் அதிகப் பலமுள்ளது என்பதை மறக்கலாகாது. எனினும், புரொப்பல்லரின் தகுதியை ஓட்டத்தோடு நிறுத்தாமல் இழுவையிலும் வைத்து அளக்க வேண்டுமென்று அக்காலத்தவர் எண்ணினார்களே, அந்த எண்ணம் என்னை மிகவும் கவர்ந்தது.

நீர்மேல் மனிதனை இழுத்து விளையாடும் வித்தையின் தோற்றமும் ஒரு சிற்றூர் இளைஞனுடையதே. அமெரிக்காவில் மினசோட்டா மாகாணத்தின் லேக் சிட்டி என்ற ஊரில் ரால்ப் சாமுவெல்சன் என்பவர், 1922-ஆம் வருஷக் கோடையில், பீப்பாய்ப் பலகைகளையும் பனிச்சறுக்குப் பலகைகளையும் காலில் கட்டிப் பார்த்துத் தோற்றபின், எட்டடி நீளமுள்ள இரண்டு பைன் மரப்பலகைகளின் நுனிகளைக் கொதிநீரில் இளக்கி வளைத்து, ஜன்னலுக்குக் கட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சகோதரர் பென் ஓட்டிய படகின் பின்னே பெப்பின் ஏரியில் பலநாள் விழுந்து விழுந்து எழுந்தார். உடலைப் பின்னே சாய்த்து, பலகைகளின் நுனி நீருக்கு மேலே நிற்கும்படி வைத்துக்கொண்ட ஜூலை 2-ஆம் தேதி, தம் பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முந்தின தினத்தில், அவர் நீர்மேல் நின்று சென்றார். அவருடைய வெற்றிக்குத் தேவைப்பட்டவை இரண்டு: இழுக்கப்படுகிறவன் நிற்கும் விதம், இழுக்கிற படகு எழுப்பும் விதம். முன்னதைப் பயிற்சியால் அடையலாம். பின்னது படகுக்காரனின் கையில் இருக்கிறது. எங்கள் அக்காள் மகனின் விஷயத்தில் குறைந்து நின்றது பின்னதே.

இனி எங்கள் பரீட்சைக்கு வருகிறேன். ஒரே சமயத்தில் இரண்டு மாறுதல்களைச் செய்தால் எதனால் பலன் வந்தது என்று சொல்ல முடியாமற்போகும். ஆகையால் அதே ஆட்கள், அதே அளவு பெட்ரோல், அதே கயிறு, காற்று ஓய்ந்திருக்கும் காலை வேளை என்று வகுத்துக்கொண்டோம். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துப் படகு மேலெழும் நேரத்தைக் குறிக்க, மற்றொருவர் டேக்கோமீட்டரைப் பார்த்தார். புரொப்பல்லரை மாற்றுவதற்கு முன்னரே செய்யத்தக்க காரியங்கள் சிலவற்றையும் செய்து முடித்தோம். பின்னிருக்கையில் நெருக்கமாக உட்காருகிறவர்களை முன்னே அமர்த்தினோம். பின்புறத்தில் அடைத்துவைத்திருந்த நங்கூரத்தையும் தண்ணீர்க் கேன்களையும் அகற்றினோம். புறப்படும்போது இஞ்சினை உள்ளே முழுவதும் சாய்த்து வைக்கும்படி படகோட்டியிடம் சொன்னோம். இவற்றாலேயே ஓரளவு குணம் கண்டது. செலவில்லாத மருந்தை முதலில் கொடுத்துப் பார்ப்பதுதான் நல்ல வைத்தியம்.

பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் சுழற்சி ஏறத்தாழ 150 முதல் 200 வரை கூடும் என்பது இத்தொழிலில் வழங்கும் கணக்கு. இழுவைக்காகவே ஓடும் படகுக்கு இரண்டிலிருந்து நான்கு அங்குலம் வரை குறைத்துப் பார்ப்பது வழக்கம். முதலில் மூன்றிலையுள்ள, பதினைந்து அங்குலப் பிட்ச் புரொப்பல்லரைப் பூட்டினோம். பாரத்தோடு முள் 5,200-க்கு ஏறிற்று. படகு ஐந்தாறு விநாடியில் எழுந்துவிட்டது. ஆனால் பாரமில்லாமல் ஓட்டினால் முள் 6,000-ஐத் தொட்டு, இஞ்சின் தானே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் எல்லையில் நின்று விக்கிற்று. டியூபோடு கூர்மையாகத் திரும்பும்போதோ, நீர்ப்பரப்பிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டு, பிடிப்பில்லாமல் வெறுமனே சுழன்று ஊளையிட்டது. பிட்சைக் குறைத்துக்கொண்டே போவது பரிகாரமாகாது என்பதும், அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதும் இதனால் தெளிவாயின. பாரமில்லாமல் முழுத் திராட்டிலில் ஓட்டும்போது, செய்தவர்கள் குறித்த மேலெல்லையைத் தாண்டலாகாது. பாரத்தோடு ஓட்டும்போது கீழெல்லைக்குக் கீழே தங்கலாகாது. இவ்விரண்டுக்கும் இடையே பொருந்தி நிற்பதே அந்தப் படகுக்குரிய புரொப்பல்லர்.

முதியவரின் யோசனைப்படி அடுத்தாற்போல் நான்கிலையுள்ள, அதே பதினைந்து அங்குலப் பிட்ச் புரொப்பல்லரை வரவழைத்தோம். ஓர் இலை கூடினால் நீரைப் பற்றும் பரப்பும் கூடுகிறது, சுழற்சி சிறிது குறைகிறது, பிடிப்பு உறுதிப்படுகிறது. பாரத்தோடு 5,100, தனியே 5,900 என்று முள் காட்டிற்று. புறப்பாட்டில் அணியம் முன்போல் வானத்தை நோக்காமல், சற்றே நிமிர்ந்து உடனே தாழ்ந்தது. ஓட்டுகிறவனுக்கு எதிரே உள்ள நீர்ப்பரப்பு மறையவில்லை. திருப்பத்தில் ஊளைச் சத்தம் இல்லை. தனியே ஓடும் உச்ச வேகம் அறுபத்தைந்து கிலோமீட்டரிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்கிற்று. சிநேகிதர் அதைக் கேட்டு முகம் சுருங்கினார். டியூபில் குழந்தைகளை இழுக்கும் வேகம் முப்பது கிலோமீட்டரைத் தாண்டவே தேவையில்லை. பலகையில் நிற்கப் பழகுகிறவனுக்கு அதைவிடச் சிறிது கூடுதல் போதும். உலகப் போட்டிகளிலே ஒற்றைப் பலகையில் வளைந்து வளைந்து செல்லும் ஆடவர்களுக்குக்கூட மணிக்கு 58 கிலோமீட்டரே உச்ச எல்லை. ஆகவே, அவர் இழந்தது ஒருநாளும் செலவழிக்கப்படாத பணத்துக்கு ஒப்பானதென்று எடுத்துரைத்தேன். அவரும் சமாதானம் அடைந்தார்.

நீர்மீது இலை செலுத்தும் ஆட்சிக்கு இயற்கை விதித்திருக்கும் எல்லையை மிகப் பெரிய யந்திர மேதைகளும் சந்தித்திருக்கிறார்கள். நீராவி டர்பைனைக் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸ், 1894-இல் டர்பினியா என்ற கப்பலைக் கட்டி ஓட்டியபோது, யந்திரத்தில் அளவற்ற சக்தி இருந்தும் கப்பல் எதிர்பார்த்த வேகத்தில் ஓடவில்லை. புரொப்பல்லர் மிதமிஞ்சி விரைந்து சுழன்றதால் இலைகளின் முதுகில் அழுத்தம் தாழ்ந்து, நீரே ஆவியாகிக் குமிழிகளாகச் சூழ்ந்து, இலைக்குப் பற்றுவதற்கு நீரில்லாமற் செய்துவிட்டது. அவர் பரீட்சைமேல் பரீட்சை செய்து, மூன்று தண்டுகளில் தண்டுக்கு மூன்றாக ஒன்பது புரொப்பல்லர்களைப் பூட்டி, பாரத்தைப் பல இலைகளுக்குப் பங்கிட்ட பின்னர்த்தான், 1897-இல் கடற்படை அணிவகுப்பில் அக்கப்பல் எல்லாரையும் வியப்பில் ஆழ்த்தி ஓடிற்று. எங்கள் உப்பங்கழிப் படகு மூன்றிலையிலிருந்து நான்கிலைக்கு மாறியபோது, சக்தியை அதிகரிப்பதைவிட அதைப் பங்கிட்டுச் செலுத்துவது மேல் என்ற அதே உண்மையை எங்கள் அளவில் நாங்களும் கண்டோம்.

எந்த உலோகத்தில் வாங்குவது என்ற கேள்வியும் எழுந்தது. ஸ்டெயின்லெஸ் எஃகு இலை மெல்லியதாக இருப்பினும் வளையாது. நீரை அறுத்துச் செல்லும். விலை பலமடங்கு அதிகம். அலுமினியம் தடிமனானது, பாரம் ஏறும்போது சற்றே வளையும், மணலில் விரைவில் தேயும். ஆழமான ஏரியில் ஓடும் படகாக இருந்தால் எஃகையே சிபாரிசு செய்திருப்பேன். சுண்ணாம்பாற்றின் முகத்துவாரத்திலோ, மணல் திட்டுகள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். இலை தரையில் மோதும்போது எஃகு தான் தப்பித்துக்கொண்டு, அதிர்ச்சியைக் கியர்பெட்டிக்கு அனுப்பிவிடும் அபாயம் உண்டு. அலுமினிய இலையோ தான் வளைந்தும் முறிந்தும் உள்ளே இருக்கும் விலையுயர்ந்த பற்சக்கரங்களைக் காக்கும். நடுக்குழலுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷும் அந்தக் காவலுக்காகவே வைக்கப்பட்டது. ஆகவே அலுமினியத்திலேயே வாங்கி, தேய்ந்ததை மாற்றுவதற்கு மற்றொன்றையும், ஒரு நட்டையும், சில பின்களையும், மரக்கட்டையையும் படகிலேயே வைத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தோம்.

என் அக்காள் மகனுக்குப் பலகை மீண்டும் கட்டப்பட்டது. முழங்கால்களை மார்போடு சேர்த்து, கைகளை மடக்காமல் நீட்டி, பலகைகளின் நுனி கயிற்றின் இருபுறமும் நீருக்கு மேலே தெரியும்படி அவன் மிதந்துகொண்டிருந்தான். படகோட்டி முதலில் மெல்ல நகர்ந்து கயிற்றின் தளர்ச்சியை வாங்கினான். கயிறு நேராகி நீர்த்துளி சிந்தியதும், பையன் தலையசைத்ததும், திராட்டிலை உதறாமல் ஒரே சீராக முன்னே செலுத்தினான். படகு எழுந்தது, எழுந்த அதே ஓட்டத்தில் அவனும் எழுந்தான். தானாக எழ முயலாமல், படகு தன்னை எழுப்ப இடங்கொடுத்தவனாக, நடுங்கும் முழங்கால்களோடு அவன் நீர்மேல் நின்றதைக் கண்டு கரையிலிருந்த முதியவர், “பாத்தியா தம்பி, அதே இஞ்சின்தான்!” என்று உரக்கக் கூவினார்.

இவ்வளவையும் சொன்ன நான், இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். இழுவை மிகுந்த புரொப்பல்லர் பூட்டிய படகு கைக்கு உடனே பணிகிறது. உடனே பணியும் யந்திரத்தை ஓட்டுகிறவனுக்குப் பொறுப்பும் அதிகம். கயிறு தளர்ந்திருக்கும்போது திராட்டிலைத் தள்ளினால், அந்தப் பலம் முழுவதும் மனிதனுடைய தோள் மூட்டில் ஓர் உதறலாகச் சென்று விழும். ஓட்டுகிறவன் முன்னே பார்க்க, பின்னே வருகிறவனைப் பார்ப்பதற்கென்று இன்னொருவர் படகில் அவசியம் இருக்க வேண்டும். விழுந்தவனை எடுக்க நெருங்கும்போது நியூட்ரலில் நிறுத்தினால் போதுமென்று எண்ணலாகாது. இஞ்சினை அணைத்துவிட வேண்டும், ஏனெனில் சுழலும் இலை எத்தனை நல்ல பிட்ச் உள்ளதாயினும் நீரில் இருப்பவனுக்கு அது வாளே. ஓட்டுகிறவன் தவறி விழுந்தால் இஞ்சினை நிறுத்திவிடும் கயிறு அவன் உடலோடு கட்டியிருக்க வேண்டும். இழுக்கப்படுகிற ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புச் சட்டை வேண்டும், கிணற்றில் பாய்ந்து நீந்தும் எங்களூர்ப் பிள்ளைகள் உள்பட. கோவாவில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய நீர்விளையாட்டு நிறுவனம் விசைப்படகு ஓட்டுவதற்கும் உயிர்காப்பதற்கும் முறையான பயிற்சி அளிக்கிறது. நம் கரையோர இளைஞர்கள், கடலறிவு ரத்தத்தில் ஊறியவர்கள், அத்தகைய பயிற்சியையும் பெற்றுவிட்டால், இத்தொழிலில் அவர்களுக்கு நிகர் யாருமில்லை என்பது என் திடமான நம்பிக்கை.

படகு வாங்குகிறவர்கள் இன்றும் என்னிடம் வந்து, “இது எவ்வளவு வேகம் போகும்?” என்றே முதலில் கேட்கிறார்கள். நான் அவர்களைத் திருப்பிக் கேட்பது இதுதான்: பின்னால் எதைக் கட்டி இழுக்கப்போகிறீர்கள், எத்தனை பேர், எந்த நீரில்? இதற்கு விடை கிடைத்தபிறகே புரொப்பல்லரின் எண்களை நான் சொல்லுகிறேன். உச்ச வேகம் ஓட்டுகிறவனுக்குப் பெருமை தருவது. புறப்பாட்டின் பலமோ கயிற்றைப் பிடித்திருப்பவனைக் காப்பது. இரண்டையும் ஒரே இலையில் பரிபூரணமாகப் பெற முடியாதென்பதால், எதை விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர்களாக இருக்கிறோம். பிறரை நம்பவைத்து நீரில் இறக்கி இழுக்கிற தொழிலில், அந்தத் தீர்மானம் எப்போதும் இழுக்கப்படுகிறவனின் பக்கமே சாய வேண்டும்.